அக்காவின் பேனா நிப்பு

என்னோடு அறுபதைத் தாண்டிய தோழிகளே, சிரிக்காமல் கேட்பதானால் சொல்கிறேன். போன ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில், தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடையில் எனக்கென்று ஆறு நோட்டு வாங்கினேன். வீட்டில் படிக்கிற பிள்ளை யாரும் இல்லை. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிவிட்டதால் எழுத வேண்டிய வேலையும் இல்லை. ஆனாலும் ஜூன் பிறந்தால் கால் அந்தக் கடைக்குத்தான் போகிறது.

"பேத்திக்காம்மா?" என்று கடைக்கார பாய் கேட்டார்.

"எனக்குத்தான் பாய்."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இருங்க, நல்ல பேப்பரா எடுத்துத் தர்றேன். இங்க்கு ஊறாது" என்று உள்ளே போனார். அந்த மரியாதைக்காகவே இன்னும் இரண்டு நோட்டு சேர்த்து வாங்கலாம் போல இருந்தது.

புது நோட்டை எப்படிப் பார்ப்பது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நடுப்பக்கத்தைப் பிரித்து மூக்கை வைக்க வேண்டும். வெட்டும்போது ஒட்டிக்கொண்ட ஓரங்கள் பிரிகிற சின்னச் சத்தத்தைக் கேட்க வேண்டும். பின் அடித்த இடத்தை விரலால் தடவ வேண்டும். நான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் பென்சில் பை வாங்கிக்கொண்டிருந்தது. மூன்று ஜிப் வைத்த ஊதா நிறப் பை. அந்தப் பெண்ணின் அம்மா விலைகூடக் கேட்காமல் தலையாட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. அறுபத்தோரு வயதில், யாரோ ஒரு பிள்ளையின் பையைப் பார்த்து. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.

பேனா எழுதிப் பார்க்க ஒரு துண்டு நோட்டு அங்கே தொங்கும். எல்லோரும் முதலில் தங்கள் பெயரைத்தான் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். நானும் என் பெயரை எழுதினேன். நான்காவதாக எடுத்த பேனா, மை ஊற்றி எழுதுவது. அரக்கு நிறம், பொன் நிற மூடி. மூடியைத் திறந்து நிப்பைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. நாற்பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நிப்பை நான் என்ன செய்தேன் என்பதைப் பெற்ற அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதியமான்கோட்டையில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வாசலில் எதிரெதிராக வீடு கட்டியிருந்தார்கள். அப்பாவுக்குப் புளி மண்டியில் எடை போடுகிற வேலை. சட்டையைக் கழற்றி மாட்டினால் ஆணிகூடப் புளிப்பு வாசம் அடிக்கும். பெரியப்பா லாரி டிரைவர். பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போனால் இருபது நாள், சில சமயம் ஒரு மாதம் கழித்துத்தான் திரும்புவார்.

அவர் மகள் என்னைவிட நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்துக்காக அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்ததே எனக்கு முதல் வருத்தம். இருவரும் தருமபுரியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் மட்டும் ஒருநாள் அவளுக்கு, ஒருநாள் எனக்கு.

ஏழாம் வகுப்பு தொடங்கிய ஜூனில் பெரியப்பா பம்பாயிலிருந்து வந்தார். வாசலிலேயே பையை அவிழ்த்து அக்காவுக்கு வாங்கியதை எடுத்து வைத்தார். ஒரு பென்சில் டப்பா. இரண்டு பக்கமும் திறக்கும். மூடியில் காந்தம் வைத்திருந்ததால் கையை எடுத்ததும் டப்பென்று தானாக மூடிக்கொள்ளும். உள்ளே பன்னிரண்டு பென்சில், ரோஸ் நிறத்தில் ஒரு வாசனை ரப்பர். அப்புறம் அரக்கு நிறத்தில் அந்தப் பேனா.

என்னிடம் இருந்தது அண்ணன் படித்து முடித்துக் கொடுத்த ஜாமெட்ரி பாக்ஸ். மூடியில் ஆணியால் அவன் பெயரைக் கீறி வைத்திருந்தான். மூடி நிற்காது என்பதால் சணல் கயிறு போட்டுக் கட்டியிருப்பேன். வகுப்பில் அக்காவின் டப்பா டப்பென்று மூடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் என் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா அதையெல்லாம் ஒளித்து வைத்திருந்தால் அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். அவள் ஒளிக்கவில்லை. முதல் நாளே பென்சிலில் பாதியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா புள்ள, நீ வெச்சுக்க. எனக்கு இத்தன எதுக்கு?"

வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு அவளை இன்னும் அதிகமாக வெறுத்தேன். கொடுக்கிற கை அவளுடையதாகவும் வாங்குகிற கை என்னுடையதாகவும் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில் வாசனை ரப்பரை எடுத்து முகர்ந்தேன். முகர்ந்தது போதாமல் ஓரத்தைக் கடித்துவிட்டேன். கசப்பு. மாலையில் அக்கா பல் தடத்தைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எலி கடிச்சிருக்குது போல" என்று ரப்பரைத் திருப்பி வைத்தாள்.

பெரியம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியப்பா கொண்டு வந்த சாமான்களில் ஒன்றைக்கூட அவர் கையால் தொடவில்லை. அன்றிலிருந்து பெரியப்பா ஊரில் இருந்த நாலு நாளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியப்பாவுக்குச் சோறு போடுவார், தான் சாப்பிட மாட்டார். எங்கள் அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"பெத்த புள்ளைக்குன்னு பம்பாய்லருந்து தூக்கிட்டு வர்றாரு. அந்தம்மா மொகத்த பாத்தீங்களா? எது குடுத்தாலும் பத்தாது. ஆங்காரம்."

எங்கள் வீட்டில் அதுவே தீர்ப்பாகிவிட்டது. பெரியம்மா ஆங்காரம் பிடித்தவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு மட்டும் அப்படி ஒரு டப்பா வந்திருந்தால் கொண்டு வந்தவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேனே என்று பெரியம்மா மேல் கோபம்கூட வந்தது.

என்னைப் பற்றியும் பெரியவர்கள் ஒரு முடிவு செய்திருந்தார்கள். நான் எந்நேரமும் நோட்டையும் பேனாவையும் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "சின்னவளுக்குப் படிப்புன்னா உசுரு" என்றார்கள். படிப்பின் மேல் அல்ல, அக்காவின் டப்பா மேல்தான் உயிர் என்று யாருக்கும் தெரியவில்லை. பிற்பாடு என்னைக் காலேஜுக்கு அனுப்பினார்கள். அக்காவைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திப் பாலக்கோட்டில் கட்டிக் கொடுத்தார்கள்.

அக்காவின் கையெழுத்தும் சும்மா இல்லை. அந்தப் பேனா வந்த பிறகு இன்னும் அழகானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதா மாவில் பசை காய்ச்சி எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டை போட்டோம். என் லேபிள்களையும் அவளே எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை அவற்றைத் தண்ணீர் தொட்டு உரித்துவிட்டு என் கையால் எழுதி ஒட்டினேன். மை ஊறி என் பெயரே தெரியாமல் போனது. தமிழ் டீச்சர் என் நோட்டைத் தூக்கி, "இது யாரோடது? பேரக் காணோம்" என்றபோது வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அதையும் நான் மன்னிக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சை லீவு முடிந்து வந்ததும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய அதிகாரி வரப்போவதாகச் சொன்னார்கள். வரவேற்பு மடல் ஒன்று எழுதி, கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டும். டீச்சர் அக்காவின் நோட்டை உயர்த்திக் காட்டினார்.

"எழுத்துன்னா இப்படி இருக்கணும். நீதான் எழுதற. திங்கக்கெழம உன் பேனாவோட வா."

வழவழப்பான ஒரு வெள்ளைத் தாளைச் சுருட்டி மேஜையில் வைத்திருந்தார்கள். அப்படி ஒரு தாளை நான் அதுவரை தொட்டதில்லை. வீடு திரும்பும்போது அன்று ஜன்னல் ஓரம் என் முறை. அக்கா என்னிடம், "நீ பக்கத்துல உக்காந்து கோடு போட்டுக் குடுக்கறியா?" என்று கேட்டாள். கோடு போட நான், எழுத அவள். நான் வெளியே பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். பெரியம்மா கொல்லைப்பக்கம் இருந்தார். நான் எதிர் வீட்டுக்குள் போய், டப்பாவைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் போனேன். நிப்பைக் கல்லில் வைத்து அழுத்தினேன். அது எளிதாக வளையவில்லை. இரண்டாவது முறை உடம்பின் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினேன். இரண்டு முனையும் பிரிந்து ஒன்று மேலே தூக்கிக்கொண்டது. கல்லில் ஒரு சொட்டு மை. அதைக் காலால் தேய்த்தேன். பேனாவை மூடித் திரும்ப வைத்தேன். டப்பா அதே மாதிரி டப்பென்று மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்கா என்னிடம் வந்து கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. திங்கட்கிழமை டீச்சரிடம், "நிப்பு ஒடஞ்சிருச்சு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். "ஒரு பேனாவ ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல" என்று திட்டிவிட்டு, டீச்சர் மடல் எழுதுகிற வேலையைக் கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கோடு போடுகிற வேலைகூடக் கிடைக்கவில்லை.

அதே திங்கட்கிழமை காலை பெரியம்மா ஏரியூரில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். கடலைக்காய் பிடுங்க ஆள் இல்லையாம் என்றார்கள். பதினைந்து நாள் அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், என் பக்கத்தில் படுத்தாள். அவள் கேட்காததால், அவளுக்குச் சந்தேகமே வரவில்லை என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

அவ்வளவுதான். கடைக்கார பாய் "எடுத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டபோது, "ரெண்டு குடுங்க" என்றேன். ஒன்று எனக்கு. ஒன்று அக்காவுக்கு.

மறுநாளே பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். அக்கா இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். மகன் ஓசூரில். வாசலில் ராகி காயப் போட்டிருந்தவள், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பேனாவைக் கொடுத்தேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் தன் பெயரை எழுதினாள். நாற்பது வருடமாக ரேஷன் கார்டில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அவள் பெரிதாக எதுவும் எழுதியிருக்க மாட்டாள். எழுத்து அப்படியே இருந்தது, முத்துமுத்தாக. நான் முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் எழுதியே தேய்ந்தவள். என் எழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரிதான். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொறாமை என்னை விடவில்லை.

பிறகு சொல்லிவிட்டேன். கல், நிப்பு, சனிக்கிழமை மத்தியானம், எல்லாவற்றையும். அவள் "அடிப் போடி, அதயெல்லாம் இன்னும் வெச்சிருக்கறியா" என்று சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அக்கா பேனாவை மூடி மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீயா?" என்றாள்.

"ஆமாக்கா."

"எங்கம்மா ஒடைக்கல?"

எனக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பாவுக்கு பம்பாய் போற வழியில பெல்காம் பக்கம் இன்னொரு குடும்பம் இருந்துச்சே, அது அவரு செத்த அன்னிக்கு அந்தம்மா வந்து நின்னப்பத்தான உங்களுக்கெல்லாம் தெரியும்? எங்கம்மாவுக்கு அந்த டப்பா வந்த வருசமே தெரியும். அந்த டப்பாக்குள்ள கடை பில்லு மடிச்சு இருந்துச்சு. என்னன்னு படி கண்ணுன்னாங்க. நான் ராகம் போட்டுப் படிச்சேன். டப்பா ரெண்டு, ரப்பரு ரெண்டு, பேனா ரெண்டு. இன்னொண்ணு உனக்குத்தான்னு நெனச்சேன். 'அப்பா, தங்கச்சிக்கு வாங்குனத லாரிலயே உட்டுட்டீங்களா'ன்னு ஓடிப்போய் கேட்டேன். அவரு ஒண்ணும் பேசல. எங்கம்மா அவரு மொகத்தயே பாத்துட்டு நின்னாங்க."

பென்சிலில் பாதியை அவள் நீட்டியது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பங்கு தொலைந்துபோய்விட்டது என்று நினைத்துத் தன் பங்கிலிருந்து கொடுத்திருக்கிறாள்.

"நிப்பு ஒடஞ்சிருந்தத பாத்ததும் அம்மான்னுதான் தோணுச்சு. அப்பா மேல கோவம்னா அவருகிட்ட காட்டு, எம் பேனாவ எதுக்கு ஒடச்சன்னு கேட்டேன். இனிமே எங்கிட்ட பேசாதன்னேன். அவங்க சட்டிய தேச்சிட்டே இருந்தாங்க. நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லல. மறுநா காலைல பஸ் ஏறிட்டாங்க."

"கடலக்காய் புடுங்கன்னு…"

"கடலக்காயா? இங்க வரவே கூடாதுன்னு போனாங்க. நானும் சும்மா இல்ல. ஏரியூர் மாமாவுக்கு லெட்டர் எழுதுனேன். இன்லேண்டு லெட்டர்ல, பென்சில்ல. அம்மா புத்தி கெட்டுப் போய் என் சாமானெல்லாம் ஒடைக்கறாங்கன்னு. மாமா அத நம்பி, பெத்த புள்ள பொருள ஒடைக்கறவள வூட்ல வெச்சுக்க முடியாதுன்னு கொண்டாந்து உட்டுட்டாரு. அப்பறம் அந்த மனுசனோடதான் கடைசி வரைக்கும் இருந்தாங்க. அம்மா போயி பதினோரு வருசமாச்சு புள்ள."

வெளியே ராகியைக் கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. அக்கா விரட்டப் போகவில்லை.

"இத எதுக்கு இப்ப வந்து சொன்ன?" என்று கேட்டாள்.

என் மனசு லேசாக வேண்டும் என்று போனேன் என்பதை எப்படிச் சொல்வது?

"பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்றாள்.

மூன்று வாரம் அவள் போனை எடுக்கவில்லை. நான்காவது வாரம் அவளே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. ஏரியூர் போலாம். மாமாகிட்ட நீயே சொல்லு" என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாமாவுக்கு வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆளைத் தெரிகிறது, காதுதான் கேட்பதில்லை. மருமகள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மாமா வயதை ஒட்டிய கிழவிகள்.

நான் அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன். "மாமா, அந்தப் பேனாவ பெரியம்மா ஒடைக்கலீங்க. நான்தாங்க ஒடச்சேன்."

"என்னது?"

சத்தமாகச் சொன்னேன். மறுபடி "என்னது?" என்றார். மூன்றாவது முறை கத்தினேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

"எதுக்கு ஒடச்ச?" என்றார் மாமா.

"பொறாமைங்க."

"என்னது?"

"பொறாமைங்க மாமா! அக்கா மேல பொறாமை!"

அந்த வார்த்தையை என்னைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமா என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"நான் பண்ணல அண்ணான்னு சொல்லுச்சு" என்றார். "எங்கிட்ட சொல்லுச்சும்மா. நான்தான் உன் லெட்டர எடுத்துக் காட்டுனேன்."

அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னொருக்கா சொல்லு."

"மாமாவுக்குக் கேட்டுடுச்சுக்கா."

"வெளிய இருக்கறவங்களுக்கு கேட்டிருக்காது. எங்கம்மாவ, புள்ள சாமான ஒடைக்கறவன்னு சொல்லி, மாமா அந்தக் கெழவிங்க முன்னாடிதான் இந்த வூட்டுலருந்து கூட்டிட்டுப் போனாரு."

நான் எழுந்து வாசற்படிக்குப் போனேன். மரத்தடியில் பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னேன்.